புதுப்பிப்பு: ஊர் இதழின் பழைய பிரதிகள் ஏறிவிட்டன

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். எங்கள் ஊர் இதழின் பழைய பக்கங்களை இணையதளத்தில் போட்டால் தமிழே வரவில்லை, வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது, என்ன செய்வது என்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருதான் காரணம் என்று பலர் சொன்னீர்கள். அதேதான். எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றியாயிற்று.

ஆனால் அப்புறம்தான் உண்மையான வேலை வந்தது. பாமினியில் 'ள' எழுத்துக்கும் ஔகாரக் குறியின் ('கௌ'வில் வருவது) பின்பாதிக்கும் ஒரே விசை. அதனால் நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு மாற்றும் மென்பொருள், வெள்ளிச்சந்தை என்ற ஊர்ப் பெயரை 'வௌ்ளிச்சந்தை' என்று ஆக்கிவிட்டது. படிக்கும்போது சட்டென்று கண்ணில் படாது. தேடினால் மட்டும் அந்தப் பக்கம் கிடைக்காது. தெளிவு, வெளியீடு, வெள்ளம் எல்லாம் இதே கதி. 'வௌ', 'தௌ' என்றெல்லாம் தேடித் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினோம். ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'வௌவால்' கெட்டுப்போகும்.

முதலில் ஏற்றியது 2017 ஒக்கி புயல் சிறப்பிதழ். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி வீட்டார் சொன்னது அதில் இருக்கிறது. அதில் ஒரு பெயர்கூடப் பிழையாக இருக்கக் கூடாது என்று அச்சுப் பிரதியை வைத்து இருவர் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தோம்.

அட்டைப் படங்களை இன்னும் ஸ்கேன் செய்யவில்லை. அடுத்தது அதுதான்.