200 மில்லிவாட் பச்சை லேசரைப் பெட்டியில் வைத்து ஆஸ்திரேலியா கொண்டுபோகலாமா?

தெற்குவானம்:

வணக்கம். வேலை விஷயமாக ஆஸ்திரேலியா போகிறேன். போகிற வாரம் அமாவாசையை ஒட்டி அமைந்துவிட்டதால், அங்கே உள்ள வானியல் சங்கம் ஒன்றுக்கு எழுதி, அவர்களோடு ஒரு இரவு வானம் பார்க்க இடம் பிடித்திருக்கிறேன். மெகல்லன் மேகங்கள் என்ற குட்டி விண்மீன் மண்டலங்களையும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தையும் படத்தில் மட்டுமே பார்த்தவன் நான். இந்த வாய்ப்பு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது.

என்னிடம் ஒரு பச்சை லேசர் பாயின்டர் இருக்கிறது, இணையத்தில் வாங்கியது. உடம்பில் 200 மில்லிவாட், 532 நானோமீட்டர், கிளாஸ் 3பி (லேசரின் ஆபத்து வகுப்பு) என்று ஒட்டியிருக்கிறார்கள். 18650 என்ற அளவு லித்தியம் பேட்டரி ஒன்றே ஒன்றில் ஓடும். இரவில் நட்சத்திரம் காட்டுவதற்கு இது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

இதைக் கைப்பையில் வைப்பதா, செக்-இன் பெட்டியில் வைப்பதா? பேட்டரியைக் கழற்ற வேண்டுமா? நடுவில் ஒரு விமான நிலையத்தில் மாறுகிறேன், அங்கே ஸ்கேனரில் தெரிந்தால் பிடுங்கிவிடுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பயணப்பெட்டி:

நான் நிறைய தடவை கொண்டுபோயிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. ஸ்கேனரில் டார்ச் மாதிரிதான் தெரியும். பேட்டரியை மட்டும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கவலையே வேண்டாம்.

கற்றை:

பேட்டரி பற்றிச் சொன்னது சரி. மீதியை நம்பி ஆஸ்திரேலியாவில் போய் இறங்காதீர்கள்.

லேசர்களின் திறனை அளந்து, தரம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதெல்லாம் விமானத்தில் ஏறுவதைப் பற்றி. அது சின்ன விஷயம். லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கொண்டுபோனால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் எதிலும் உரசாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. உங்கள் 18650 பதின்மூன்று வாட்-மணியைத் தாண்டுவது அபூர்வம். பேட்டரியை உள்ளே வைத்தபடி லேசரைப் பெட்டியில் போடுவதுதான் தப்பு. துணிகளுக்கு நடுவே அதன் பொத்தான் அழுந்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கைப்பையில் வைத்தாலும் சோதனையில் நிற்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு.

உண்மையான சிக்கல் இறங்கும் இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1 மில்லிவாட்டைத் தாண்டும் கையடக்க லேசர் பாயின்டர், முன் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாத பொருள். பயணியின் பெட்டியில் வந்தாலும் அது இறக்குமதிதான். 2008-இல் சிட்னியில் தரையிறங்க வந்த விமானங்கள்மீது பச்சை லேசர் அடித்து விமானிகளைத் திணறடித்தார்கள், அதற்குப் பிறகு வந்த இறுக்கம் இது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் இது தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. உங்களுடையது எல்லையைக் கொஞ்சம் தாண்டவில்லை, இருநூறு மடங்கு தாண்டுகிறது.

அங்கே போகும் பயணிகள் நிரப்பும் அட்டையில், தடையோ கட்டுப்பாடோ உள்ள பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்பார்கள், ஆயுதங்களையும் சேர்த்து. அதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பெட்டியில் 3பி லேசரோடு நிற்பது எந்த மாதிரி நிலைமை என்று நீங்களே பாருங்கள். யாரும் கேட்டதில்லை என்கிறவர், கேட்கப்பட்ட அன்று என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

தெற்குவானம்:

அடேயப்பா, ஆயுதப் பட்டியலா! இவ்வளவு தூரம் நான் யோசிக்கவே இல்லை. நன்றி ஐயா.

ஒரு சந்தேகம். இந்த மாதிரி மலிவான லேசர்களில் எழுதியிருக்கும் எண்ணெல்லாம் சும்மா விற்பனைக்காகக் கூட்டிப் போடுவது என்கிறார்களே? உண்மையில் இது மிகக் குறைவாக இருக்கலாம் அல்லவா? அதோடு, நான் வேறு நாட்டுக்குப் போயிருந்தால் பிரச்சினை இருந்திருக்காதா?

கற்றை:

சீட்டில் உள்ள எண்ணை நம்ப முடியாது என்பது உண்மை. ஆனால் பொய் நீங்கள் நினைக்கும் திசையில் மட்டும் போவதில்லை. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 பாயின்டர்களைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. பச்சை நிறத்தவற்றில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதம் அளவுக்கும் அந்த நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை. சாதுவான 5 மில்லிவாட் என்று எழுதி, அதைவிடப் பல மடங்கு கக்கும் பேனாக்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன.

பச்சையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 532 நானோமீட்டர் பாயின்டருக்குள் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது, அது 1064 நானோமீட்டரில் அகச்சிவப்பு தருகிறது, இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கிப் பச்சை ஆக்குகிறது. கடைசியில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். அதே நிறுவனம் 2010-இல் ஆராய்ந்த ஒரு பாயின்டர், 10 மில்லிவாட் என்று விற்றது, பச்சை மங்கலாக இருக்கிறதே என்று பார்த்தால் கிட்டத்தட்ட 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது. ஆகவே பச்சை மங்கலாக இருக்கிறது, சக்தி குறைவுதான் என்று கண்ணால் முடிவு கட்டாதீர்கள்.

கிளாஸ் 3பி என்றால் 5 முதல் 500 மில்லிவாட் வரை. அந்த வகுப்பில் முறையாகச் செய்த கருவியில் சாவி போட்டுத்தான் இயக்க முடியும், ஒளி வருகிறது என்று காட்டும் விளக்கும் இருக்கும். உங்களுடையதில் வெறும் பொத்தான் மட்டும் இருந்தால், ஒட்டியவர் வகுப்பை மட்டும் எழுதினார், விதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

எப்படியானாலும் சுங்க அதிகாரி மேசையில் திறன்மானி இருக்காது. அவர் படிப்பது சீட்டைத்தான். அதில் 200 என்று இருக்கிறது. நீங்கள் வாயால் குறைத்துச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மற்ற நாடுகள்? ஒரே விதி கிடையாது. நியூசிலாந்து 2014 முதல் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. சுவிட்சர்லாந்து எல்லாரையும்விடக் கறார்: 2019-இல் வந்த சட்டப்படி மிகப் பாதுகாப்பான வகுப்பான கிளாஸ் 1 தவிர மற்ற பாயின்டர்களை இறக்குமதி செய்வது மட்டுமல்ல, அந்த நாட்டின் வழியாகக் கொண்டுசெல்வதும் கூடாது. அமெரிக்காவில் பாயின்டர் என்று விற்கும் பொருளுக்கு 5 மில்லிவாட் உச்சவரம்பு. விமானத்தை நோக்கி அடித்தால் 5 ஆண்டு வரை சிறை, பிரிட்டனில் 2018-இல் வந்த சட்டத்திலும் அதே 5 ஆண்டு. கனடாவில் வாங்கி வைத்திருப்பதைவிட எங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது முக்கியம். 1 மில்லிவாட்டைத் தாண்டிய லேசரோடு விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வெளியே திரியக் கூடாது என்று 2018-இல் கொண்டுவந்தார்கள்.

நடுவில் மாறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போனால் பொதுவாக நடுவில் சுங்கம் பார்ப்பதில்லை. ஆனால் சில இடங்களில், அமெரிக்கா மாதிரி, முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டும். அப்போது அந்த நாட்டு விதியும் உங்கள் தலையில்.

இருட்டுத்தேடி:

நான் வானப் படம் எடுக்கிறவள். சட்டத்தை விடுங்கள், அந்த லேசரோடு நீங்கள் எங்கள் பக்கத்தில் வந்து நின்றால் நாங்களே உங்களை அனுப்பிவிடுவோம்! ஐந்து நிமிடம் திறந்து வைத்திருக்கும் படத்தில் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்தால் அந்தப் படம் குப்பைக்குத்தான். அதனால் பல வானியல் கூடல்களில் லேசரே கூடாது, அல்லது ஒருவர் கையில் மட்டும். சங்கத்துக்கு எழுதியபோது இதைக் கேட்டீர்களா?

இன்னொன்று. 200 எதற்கு? நட்சத்திரம் காட்ட 5 மில்லிவாட் பச்சையே அதிகம். நம் கண் பச்சையில்தான் கூர்மை. இருட்டுக்குப் பழகிய பிறகு அந்தக் கற்றை வானம் வரை நீண்டு தெரியும்.

கற்றை:

அக்கா சொல்வது சரி. கணக்கிலும் வரும். திறனை நாற்பது மடங்கு ஏற்றினால் கற்றை கண்ணுக்கு நாற்பது மடங்கு பிரகாசமாகத் தெரியாது, பார்வையின் இயல்பு அப்படி. ஆபத்து மட்டும் நன்றாகவே கூடும். சாதாரணமாக விரியும் 5 மில்லிவாட் கற்றை தவறிக் கண்ணில் பட்டால் விழித்திரைக்கு ஆபத்தான தூரம் ஏறத்தாழ 16 மீட்டர். 200 மில்லிவாட்டில் அது 100 மீட்டர். அதாவது இருட்டில் சுற்றி நிற்கும் மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிடும். விமானியின் கவனத்தைக் கலைக்க 5 மில்லிவாட்டுக்கே மூன்றரைக் கிலோமீட்டர் எட்டும், உங்களுடையதுக்கு இருபதைத் தாண்டும். மேலே விளக்கு நகர்வதைக் கண்டு நீங்கள் சுதாரிக்கும் தூரத்துக்கும் அது எட்டும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பயணப்பெட்டி:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் கொண்டுபோனது 5 மில்லிவாட் சிவப்பு, அதுவும் அலுவலகத்தில் படம் போட்டு விளக்க. போன நாடுகளும் வேறு. ஆனால் அனுமதி வாங்கிக் கொண்டுபோக வழி இருக்கிறது என்றால் அதை ஏன் சொல்லவில்லை?

கற்றை:

இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும், கிடைத்த பிறகும் எந்த மாநிலத்தில் இறங்குகிறீர்களோ அதன் விதி தனி. ஆய்வுக்குக் கருவி கொண்டுபோகிறவர் செய்யலாம். ஒரு இரவு விரல் நீட்டிக் காட்டுவதற்கு இத்தனை காகிதமா? என்னைக் கேட்டால் வீட்டிலேயே வையுங்கள்.

தெற்குவானம்:

சங்கத்தின் செயலாளருக்கு எழுதிக் கேட்டேன், இன்று பதில் வந்துவிட்டது. லேசர் கொண்டுவர வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். விதிப்படி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் வருகிறாராம், புதியவர்களுக்கு அவர் காட்டுவாராம், அதுவும் படம் எடுக்கிறவர்கள் தொடங்குவதற்கு முன்னால் மட்டும். ஆகவே என்னுடையது வீட்டில்.

இருநோக்கியும் சிவப்பு டார்ச்சும் எடுத்துப் போகிறேன். அந்த டார்ச்சுக்கும் அதே 18650தான், உபரியாக இரண்டு. அதில் ஏதாவது தடை உண்டா?

கற்றை:

இல்லை. டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். உறை கிழிந்த பேட்டரி இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இருட்டுத்தேடி:

டார்ச் எவ்வளவு மங்கலாகப் போகும் என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். சிவப்பாக இருந்தால் போதாது, குறைந்த அளவிலேயே கண் கூசினால் முகப்பில் இன்னொரு அடுக்கு சிவப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். தென்சிலுவை விண்மீன் கூட்டத்தைத் தேட லேசர் வேண்டாம், ஆல்பா சென்டாரியிலிருந்து பீட்டா சென்டாரி வழியாகக் கோடு இழுத்தால் அங்கே போய் நிற்கும். அதைத் தாண்டிப் போலிச் சிலுவை ஒன்றும் இருக்கிறது, அது பெரியது, மங்கல். அந்த இரண்டு நட்சத்திரங்களும் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது போலி.