பன்னிரண்டு ஆண்டு ஊழியத்தில் கனி எங்கே?

யாங்கோன் வாசகி:
கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் தமிழ்ச் சபையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். இப்போது நான்கு பேர். பள்ளிக்கூடத்தில் பர்மியம் படிக்கும் அவர்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். சென்ற வாரம் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பிசகாமல் ஒப்புவித்த ஒரு சிறுவன், முடித்த கையோடு, "டீச்சர், தாழ்ச்சியடையேன் என்றால் என்ன?" என்று கேட்டான். அன்றிரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது என் வாயிலும் பொருளில்லாமல் சொற்கள் மட்டுமே வந்தன. யோவான் 15-ஆம் அதிகாரத்தில் கனிகொடாத கொடி அறுக்கப்படும் என்பதை வாசிக்கவே அச்சமாக இருக்கிறது. உண்மையாய் இருந்தும் கனியற்றுப் போக முடியுமா?

மோல்மேன் மூப்பர்:
மகளே, தலைகளை எண்ணிச் சோர்ந்துபோகாதே. அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் ஐயர் 1813-இல் ரங்கூனில் வந்திறங்கினார். முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல்தான். ஆறு ஆண்டுகள்! கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனியாக அன்பு தொடங்கி இச்சையடக்கம் வரை ஒன்பதைச் சொல்கிறார். வருகைப்பதிவு அதில் இல்லை. நான்கு பேருக்காக மழையிலும் நடந்து போகிறாயே, அந்த நீடிய பொறுமை யார் கொடுத்தது?

மெய்க்திலா தோட்டக்காரன்:
அக்கா, எங்கள் பக்கம் திராட்சை உண்டு என்பதால் கொடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கவாத்து செய்த மறுநாள் தோட்டத்துக்குள் போனால், வெட்டிய முனைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்; பழக்கமில்லாதவர் கொடி செத்துவிட்டது என்றே நினைப்பார். ஆனால் அந்த வெட்டுக்குக் கீழேயுள்ள மொட்டிலிருந்து புறப்படும் புதுத்தளிரில்தான் குலை வரும். நீங்கள் அஞ்சுகிற அந்த யோவான் வசனத்தின் பிற்பகுதி, கனிகொடுக்கிற கொடியையும் தகப்பன் சுத்தம்பண்ணுகிறார் என்கிறது. ஆகையால் வெட்டு விழுந்ததை மட்டும் வைத்து, நீங்கள் எந்தக் கொடி என்று தீர்மானிக்க முடியாது. கொடி தண்டில் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வகுப்புக்கு ஆயத்தம் செய்வதற்காக அல்லாமல், உங்களுக்காகவே வேதத்தைத் திறந்து எத்தனை நாளாயிற்று?

பெகு வாசகர்:
மூப்பர் ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஜட்சனை ஆறுதலுக்கு மட்டும் அழைத்துக்கொண்டு அவர் செய்ததை விட்டுவிடுகிறோம். (எங்கள் சபையிலும் ஆண்டுதோறும் இதே பிரசங்கம்தான்.) அந்த ஆண்டுகளில் அவர் தம் மொழியிலேயே பேசிக்கொண்டு காத்திருக்கவில்லை; பர்மியத்தைக் கற்றார், 1834-இல் முழு வேதாகமத்தையும் அதில் மொழிபெயர்த்து முடித்தார். லூக்கா 13-இல் மூன்று ஆண்டு கனியில்லாத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் அவகாசம் மட்டும் கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். சகோதரி, அந்தச் சிறுவன் கேட்டதே கனிக்கு அடையாளம். பொருள் வேண்டும் என்கிறான். அவனுக்குப் பர்மியத்தில் விளக்கினால் தமிழுக்குத் துரோகம் என்று நம்மில் சிலர் முகஞ்சுளிப்பார்கள். தமிழைக் காப்பது நல்ல வேலைதான், ஆயினும் அதையும் விசுவாசத்தில் உண்மையாய் இருப்பதையும் ஒன்றாக்கிக்கொண்டால், நம் பிடிவாதத்துக்கு நாமே ஆவிக்குரிய பெயர் வைத்துவிடுவோம்.

யாங்கோன் வாசகி:
தோட்டக்காரத் தம்பியின் கேள்வி என்னைத் தைத்தது. நாளைக் கணக்கிட வெட்கமாக இருக்கிறது. நேற்றுக் காலை பாடக்குறிப்பு நோட்டை எடுக்காமல் சங்கீதத்தை மட்டும் திறந்து, என் ஆத்துமாவுக்காக மெதுவாக வாசித்தேன். ஞாயிறன்று அதைத் தமிழில் சொல்லிவிட்டு, பர்மிய வேதாகமத்தையும் பக்கத்தில் விரித்துவைக்கப் போகிறேன். அந்தச் சிறுவனே உரக்க வாசிக்கட்டும். பர்மியத்தில் அவன் என்னைவிட வேகம்.

மோல்மேன் மூப்பர்:
பெகு சகோதரர் சொன்னது எனக்கும்தான். வரும் மாதப் பிரசங்கம் என்னுடையது. ஜட்சனை மறுபடி எடுத்து எழுதுகிறேன்.