ஆன் செய்த சில நிமிடத்தில் கணினி ஹேங் ஆகிறது, விண்டோஸை மறுபடி போடலாமா?

வேலிப்பருத்தி:
வீட்டு டெஸ்க்டாப், விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், ஆறு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க். ஒரு வாரமாக, ஆன் செய்து திரை வந்த மூன்று நான்கு நிமிடத்தில் ஹேங் ஆகிவிடுகிறது. மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். சில சமயம் ஒரு நிமிடத்தில் தானாகச் சரியாகிறது, சில சமயம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. வைரஸ் எதுவும் இல்லை. விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வரிசையாக நிற்கிறது, பவர் சப்ளை போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளின் படமெல்லாம் இதில்தான்.

செம்பருந்து:
தயவுசெய்து இப்போது விண்டோஸ் போடாதீர்கள். டிஸ்க் பழுதாகும் நிலையில் இருந்தால், இன்ஸ்டால் செய்யும்போது உள்ள படமும் போய்விடும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் இல்லாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் சிஸ்டம்) பூட் செய்து முதலில் படங்களை வேறு டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 41 என்பது முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்தாலே அது பதிவாகும். அதே சிஸ்டம் லாகில் 7 (டிஸ்க்கில் பழுதான இடம்), 129, 153 (டிஸ்க் பதில் தராமல் ரீசெட், மறுமுயற்சி) என்ற எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்முகில்:
சூட்டையும் பாருங்கள். எனக்கு பிராசஸர் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் ஒரு முனை கழன்று, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலேயே 90 டிகிரியைத் தாண்டியது.

செம்பருந்து:
பார்க்க வேண்டியதுதான், ஆனால் சூடு என்றால் பெரும்பாலும் எல்லாமே மந்தமாகும், இல்லாவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். விளக்கு எரிந்தபடி ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடுவது, டிஸ்க்கிடமிருந்து பதில் வராமல் விண்டோஸ் காத்திருப்பதுபோல் இருக்கிறது.

வேலிப்பருத்தி:
படங்கள் பத்திரமாக வந்துவிட்டன, நடுவில் இரண்டு முறை காப்பி நின்று நின்று போனது. பயாஸில் 20 நிமிடம் விட்டேன், 38 டிகிரிதான், ஹேங் ஆகவில்லை. ஆனால் விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓட்டும் சேஃப் மோடிலும் ஹேங் ஆனது. லாகில் 129 நிறைய, 153 கொஞ்சம், 7 இல்லை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (பழுதென்று சந்தேகப்படும் இடங்கள்) இரண்டும் பூஜ்யம். சி7 எதிரே 736.

செம்பருந்து:
பயாஸில் சும்மா நிற்கும்போது டிஸ்க்குக்கு வேலையே இல்லை, அதனால் அங்கே ஹேங் ஆகாததை வைத்து டிஸ்க் பக்கத்தை விட்டுவிட முடியாது. சேஃப் மோடிலும் வருகிறது, லினக்ஸிலும் தடுமாறியது என்றால் விண்டோஸ் மேல் தப்பு இல்லை. 05, சி5 ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றச் சொல்லியிருப்பேன். சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் டேட்டா வழியில் பிழையாகிப் போன கணக்கு. அந்த மென்பொருள் எண்ணை ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) காட்டும், 736 என்றால் 1846 தடவை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டிலும் வேறு போர்ட்டில் செருகுங்கள். பழையதையே அழுத்திச் செருகினால் இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி வரும். மாற்றிய பிறகும் சி7 குறையாது, அது ஏறாமல் நின்றால் சரி.

வேலிப்பருத்தி:
கேபிளும் போர்ட்டும் மாற்றி நான்கு நாள் ஆகிறது. ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை, 129 புதிதாக வரவில்லை, சி7 அதே 736. பழைய கேபிளின் முனையில் இருக்க வேண்டிய பூட்டு உடைந்திருந்தது, வீட்டில் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அதை வெட்டிப் போட்டுவிட்டேன். மிக்க நன்றி நண்பரே, விண்டோஸ் போடப் போனவனை நிறுத்தியதற்கு.