பாஸ்டன் புரூயின்ஸ் தன் இளம் வீரர்களை ஏன் தொடர்ந்து கைமாற்றியது?

வடக்குவாசல்:

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவில் வசிக்கும் நான் நெடுங்காலமாக மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகன். ஆனாலும் என்னை விடாமல் உறுத்தும் ஒரு கேள்வி, எங்களைப் பலமுறை வீழ்த்திய பாஸ்டன் புரூயின்ஸ் அணியைப் பற்றியது.

2005 நவம்பர் 30 அன்று அந்த அணி தன் தலைவர் ஜோ தார்ன்டனை சான் ஹொசேவுக்கு அனுப்பியது. அப்போது 26 வயதான அவர் அந்தப் பருவத்தை 125 புள்ளிகளுடன் (கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்த எண்ணிக்கை) முடித்து, மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது, அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் விருது இரண்டையும் பெற்றார். 2009 செப்டம்பரில், முந்தைய பருவத்தில் 36 கோல் அடித்திருந்த 21 வயது ஃபில் கெஸலை எங்கள் அணிக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் உரிமைகளை, அதாவது புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளைக் கொண்டு, 2010இல் இரண்டாம் இடத்தில் டைலர் செகினையும், 2011இல் ஒன்பதாம் இடத்தில் டக்கி ஹாமில்டனையும் எடுத்தது. அத்துடன் நின்றிருந்தால் வியந்து பாராட்டியிருப்பேன். ஆனால் 2013 ஜூலை 4 அன்று செகினை டாலஸுக்கும், 2015 ஜூன் 26 அன்று ஹாமில்டனை கால்கரிக்கும் அனுப்பிவிட்டது. அந்த நாட்களில் செகினுக்கு வயது 21, ஹாமில்டனுக்கு 22.

ஓர் அணி ஒருமுறை தவறு செய்தால் அதைத் தவறு என்று கடந்துவிடலாம். பத்து ஆண்டுகளுக்குள் நான்கு முறை, அதுவும் ஒவ்வொரு முறையும் வளரும் பருவத்தில் இருக்கும் வீரரையே அனுப்பினால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அது பணமா, வீரரின் குணம் பற்றிய மதிப்பீடா, நிர்வாகத்தின் பொறுமையின்மையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் படிப்பேன்.

நீலக்கோடு:

நண்பருக்கு வணக்கம். முதற்காரணம் சம்பள உச்சவரம்பு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2004-05 பருவம் முழுவதும் அணி உரிமையாளர்களின் கதவடைப்பில் பறிபோன பிறகு, இந்த அணிகள் ஆடும் லீக்கான என்எச்எல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் கண்டிப்பான வரம்பு விதித்தது. அந்த ஆண்டுகளில் டிராஃப்டில் எடுக்கப்பட்ட 18 வயது வீரர் தம் முதல் ஒப்பந்தத்தின் மூன்று ஆண்டுகளுக்கும் பத்து லட்சம் டாலருக்குக் குறைவான அடிப்படைச் சம்பளத்தில்தான் ஆடினார். அந்த மூன்று ஆண்டுகளில் அவர் நட்சத்திரமாகிவிட்டால், அணிக்கு அவர் மலிவு விலையில் கிடைத்த பெருஞ்செல்வம். நான்காம் ஆண்டில் அதே வீரரின் விலை ஒரே தாவலில் பல மடங்காகிறது. செகினின் நிலை இதுவே. 2012-13 பருவத்தோடு அவருடைய முதல் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு 3.45 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 57.5 லட்சம் டாலர் தரும் ஒப்பந்தத்தில் பாஸ்டன் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தது. அந்தப் புதிய ஒப்பந்தம் தொடங்கவிருந்த அதே கோடையில் உச்சவரம்பு 7.02 கோடி டாலரிலிருந்து 6.43 கோடியாகக் குறைந்தது. கோல்காப்பாளர் டூக்கா ராஸ்குடனும் அப்போதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. செகின் போன அடுத்த வாரமே எட்டு ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் என்று அவருடைய ஒப்பந்தம் முடிவானது.

"அப்படியானால் ஏன் ஒரு மூத்த வீரரை அனுப்பக் கூடாது?" என்று நீங்கள் கேட்கலாம். ரசிகர்களாகிய நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். முப்பதைத் தாண்டிய வீரரின் நீண்ட ஒப்பந்தத்தை வாங்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், தம் சம்மதம் இல்லாமல் தம்மை மாற்றக் கூடாது என்ற விதியை அவர் தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பார். அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போவது நகைதானே தவிர, வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. எல்லா அணிகளும் விரும்பி வாங்கக்கூடியவர், எந்தத் தடையுமின்றி உடனே அனுப்பக்கூடியவர் என்ற இரண்டும் ஒருசேரப் பொருந்துபவர் இளம் வீரரே. எனவே நெருக்கடி வரும்போதெல்லாம் அவர் பெயரே முதலில் மேசைக்கு வருகிறது.

செகினுக்கு ஈடாக லூயி எரிக்ஸன், ரைலி ஸ்மித், ஜோ மாரோ, மேட் ஃப்ரேஸர் ஆகிய நால்வர் வந்தார்கள்; பாஸ்டன் ரிச் பெவர்லியையும் ரயன் பட்டனையும் சேர்த்து அனுப்பியது. எரிக்ஸனின் ஆண்டுச் சம்பளச் சுமை செகினுடையதைவிடக் குறைவு. பெவர்லியின் சுமையும் உடன் நீங்கியது. ஒருவருக்குப் பதிலாக உடனே ஆடக்கூடிய இருவரும், வளரக்கூடிய இருவரும், ராஸ்குக்குத் தேவையான இடமும் கிடைத்தன என்பது அன்றைய நிர்வாகத்தின் கணக்கு.

பனித்தளம்:

நீலக்கோடு அவர்களின் விளக்கம் தெளிவாக இருந்தாலும், அதை முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உச்சவரம்பு குறைந்தது எல்லா அணிகளுக்கும் பொதுவான நெருக்கடி. எல்லா அணிகளும் தங்கள் 21 வயது வீரரை விற்றுவிடவில்லை. மேலும் செகினின் ஒப்பந்தம் யாரும் பாஸ்டன் மீது திணித்ததன்று. தானே விரும்பி எழுதிய ஆறு ஆண்டு ஒப்பந்தத்தின் முதல் நாள் ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே அவரை அனுப்பிவிட்ட நிர்வாகத்துக்கு, இடையில் வேறு ஏதோ மனமாற்றம் நேர்ந்திருக்கிறது.

அந்த மனமாற்றம் நிகழ்ந்த இடம் 2013 பிளேஆஃப், அதாவது பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், என்பது என் உறுதியான கருத்து. 22 ஆட்டங்களில் செகின் ஒரே ஒரு கோல் மட்டுமே அடித்தார். அணி இறுதிப் போட்டியில் சிகாகோவிடம் ஆறாவது ஆட்டத்தில் கோப்பையை இழந்தது. நிர்வாகிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து அவரைப் பற்றி விவாதிக்கும் காட்சி, அணியின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரிலேயே பின்னர் வெளிவந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே பேச்சு பணத்தைச் சுற்றி ஓடவில்லை; அவருடைய உறுதி, ஈடுபாடு, அணியின் ஆட்டமுறைக்கு அவர் பொருந்துவாரா என்பவையே பேசப்பட்டன.

அந்த மதிப்பீடு நியாயமற்றது என்று நான் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு. 2011 பிளேஆஃபில், 19 வயதில், முதல் இரண்டு சுற்றுகளிலும் ஆட்டத்தில் இறக்கப்படாமல் காத்திருந்த செகின், டாம்பா பேவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தின் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு கோல் அடித்து, மேலும் இரண்டு கோல்களுக்கு உதவினார். அந்த ஆட்டம் 6-5 என்று முடிந்தது. அந்த நான்கு புள்ளிகள் இல்லாமல் பாஸ்டன் அதை வென்றிருக்க இயலாது. அடுத்த பருவத்தில் 29 கோல்கள், 67 புள்ளிகளுடன் அணியிலேயே முதலிடம் பெற்றார். இவ்வளவும் தமக்கு இயல்பான நடு இடத்தில் ஆடிப் பெற்றவை அல்ல. பெர்ஜரானும் கிரெய்ச்சியும் அந்த இடத்தில் நிலைபெற்றிருந்ததால் அவர் பெரும்பாலும் விங்கில், அதாவது பக்கவாட்டு இடத்தில்தான் ஆடினார். டாலஸ் அவரை நடு இடத்துக்குக் கொண்டுவந்து ஜேமி பென்னுடன் சேர்த்தது. முதல் பருவத்திலேயே 37 கோல்களும் 84 புள்ளிகளும் வந்தன. ஒரே கோடையில் ஒருவரின் குணம் அவ்வளவு மாறிவிடாது. இடம் மாறியது, பொறுப்பு மாறியது, அவரை நம்பியவர்கள் மாறினார்கள்.

வெல்லும் நிலையில் இருக்கும் அணிக்கு இளைஞரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனம் குறைந்துவிடுகிறது. கடைசி இடத்தில் இருக்கும் அணியில் அதே தடுமாற்றம் யார் கண்ணையும் உறுத்தாது. இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். 2010 டிராஃப்டுக்கு முன் ஆண்டு முழுவதும், முதலிடத்தில் எடுக்க வேண்டியவர் டெய்லர் ஹாலா, டைலர் செகினா என்ற விவாதமே நடந்தது. கெஸலையும் செகினையும் அனுப்பிய பொது மேலாளர் பீட்டர் ஷியரெல்லி பின்னர் எட்மன்டனுக்குச் சென்று, 2016 ஜூனில் ஹாலை நியூ ஜெர்சிக்கு அனுப்பி, தடுப்பாட்டக்காரர் ஆடம் லார்ஸனை மட்டும் பெற்றார். ஹால் 2018இல் ஹார்ட் விருது வாங்கினார். பாஸ்டனின் நெருக்கடி வேறு, எட்மன்டனின் நெருக்கடி வேறு. முடிவெடுத்தவர் ஒருவரே.

கடைசிநிமிடம்:

இருவரும் இளம் வீரரை அனுப்புவதையே ஓர் இழப்பாக எடுத்துக்கொண்டு பேசுவதுபோல் தோன்றுகிறது. எப்போதும் அப்படியில்லை. 2017 ஜூனில் டாம்பா பே, தான் மூன்றாவது இடத்தில் எடுத்த ஜொனதன் ட்ரூவானை மாண்ட்ரியாலுக்கு அனுப்பி, அவரைவிடவும் இளையவரான மிக்கைல் செர்கச்சோவைப் பெற்றது. அவர் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணியோடு கோப்பையைத் தூக்கினார். அங்கே முன்களத்தில் திறமை நிறைந்து கிடந்தது, தடுப்பாட்டத்தில் பற்றாக்குறை இருந்தது. ஓரிடத்தின் மிகுதியை எடுத்து இன்னோரிடத்தின் குறையை நிரப்பினார்கள்.

தார்ன்டன் விஷயத்திலும் ஒரு மறுபக்கம் உண்டு. அவருக்கு ஈடாக வந்த மார்கோ ஸ்டர்ம், பிராட் ஸ்டூவர்ட், வேய்ன் பிரிமோ மூவரையும் சேர்த்தாலும் அவருக்கு நிகராகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் சென்றதால் ஏற்பட்ட சம்பள இடம் இருந்ததால்தான் 2006 கோடையில் ஸ்டெனோ சாராவை அழைத்து வர அணியால் துணிய முடிந்தது. ஸ்டூவர்ட்டும் பிரிமோவும் பின்னர் கால்கரிக்குப் போனபோது ஆண்ட்ரூ ஃபெரன்ஸ் வந்தார். 2011 கோப்பையை வென்ற தடுப்பு வரிசையில் சாரா, ஃபெரன்ஸ் இருவருமே இருந்தார்கள்.

வடக்குவாசல் அவர்களே, உங்கள் டொராண்டோவும் இதற்கு விலக்கன்று. அந்த ராஸ்க் முதலில் யாருடைய தேர்வு என்று எண்ணிப் பாருங்கள்.

வடக்குவாசல்:

அதை நான் மறக்கவே இயலாது. 2005இல் முதல் சுற்றில் ராஸ்கை எடுத்தது எங்கள் அணிதான். ஓராண்டுக்குள் ஆண்ட்ரூ ரேகிராஃப்டுக்காக அவரை பாஸ்டனிடம் கொடுத்துவிட்டது. 2013 மே மாதம் ஏழாவது ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னிலை பெற்றிருந்த நாங்கள் கூடுதல் நேரத்தில் தோற்றபோது, எதிர்க் கோல்கம்பத்தில் நின்றவர் அவர்தான். அன்றிரவு என் மகன் அழுதுகொண்டே தூங்கினான். ஈடாக என்ன பெறுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு பரிமாற்றத்தை எடைபோட வேண்டும் என்ற கடைசிநிமிடம் அவர்களின் கருத்தை நான் ஏற்கிறேன்.

செகின் விஷயத்தில் பனித்தளம் சொன்னது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஹாமில்டனுக்கு அந்த விளக்கம் பொருந்துமா? 2015இல் பாஸ்டன் பிளேஆஃப் வாய்ப்பையே இழந்திருந்தது. ஷியரெல்லியும் பதவியில் இல்லை. வெல்லும் அவசரமும் இல்லாதபோது 22 வயது தடுப்பாட்டக்காரரை ஏன் அனுப்ப வேண்டும்?

நீலக்கோடு:

ஹாமில்டன் விஷயத்தில் பனித்தளம் அவர்களோடு நான் வாதிட மாட்டேன், ஏனெனில் இங்கே கணக்கும் மனமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

அவருடைய முதல் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிந்தது. அந்த நிலையில் உள்ள வீரர் விரும்பிய அணிக்குப் போகும் முழுச் சுதந்திரம் பெற்றவரல்லர். ஆனாலும் ஜூலை தொடங்கியதும் வேறோர் அணி அவருக்கு எழுத்து வடிவில் சம்பளம் முன்மொழியலாம். பழைய அணி அதே தொகையைத் தர வேண்டும், அல்லது டிராஃப்ட் உரிமைகளைப் பெற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும். புதிய பொது மேலாளர் டான் ஸ்வீனி பொறுப்பேற்று அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. நீண்ட ஒப்பந்தத்துக்கு உடன்பாடு எட்டவில்லை. அப்படியொரு முன்மொழிவு வந்தால் சமாளிக்கச் சம்பள இடமும் இறுக்கமாக இருந்தது. டிராஃப்ட் நாளன்றே அவரை கால்கரிக்கு அனுப்பி, 15ஆம் இடத்துக்கான உரிமையையும் இரண்டாம் சுற்றில் இரண்டு உரிமைகளையும் பெற்றுக்கொண்டார். கால்கரி அவருக்கு எழுதிய ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 3.45 கோடி டாலர். செகினுக்கு பாஸ்டன் எழுதிய அதே தொகை, அதே கால அளவு. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே விலைக்கு முன் ஒரே அணி இருமுறை பின்வாங்கியதைக் காணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தை எழுதிய கால்கரியும் 2018இல் அவரைக் கரோலைனாவுக்கு மாற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஈடாக இலையஸ் லிண்ட்ஹோமும் நோவா ஹனிஃபினும் வந்தார்கள். இருவரும் அன்றே வரிசையில் ஆடத் தயாராக இருந்தவர்கள். பாஸ்டன் பெற்றவையோ இனித்தான் பெயரிடப்பட வேண்டிய உரிமைகள்.

அந்த டிராஃப்டில் பாஸ்டன் 13, 14, 15 என்று தொடர்ந்து மூன்று முறை பெயர் சொன்னது: யாகுப் ஸ்போரில், ஜேக் டிபிரஸ்க், சாக் செனிஷின். டிபிரஸ்க் பல ஆண்டுகள் நன்றாக ஆடினார். ஹாமில்டனுக்கு ஈடாகக் கிடைத்த அந்த 15ஆம் உரிமையில் வந்த செனிஷின் பாஸ்டனுக்காக மிகச் சில ஆட்டங்களே ஆடினார். அதற்கு அடுத்த மூன்று இடங்களில் வேறு அணிகளால் எடுக்கப்பட்டு, பின்னர் நட்சத்திரங்களானவர்கள் மேத்யூ பார்சல், கைல் கானர், தாமஸ் ஷபாட்.