படுகளத்தில் விழுகிறவர் ரசிகரா, பக்தரா?

நொய்யல்கரை:
ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790-இல் வெளியிட்ட 'தீர்ப்புத்திறன் விமர்சன'த்தில் ஒருவழியாக முதல் பாதியை முடித்தேன். ஓர் அரண்மனையைக் காட்டி, அழகாக இருக்கிறதா என்று கேட்கிறார். மக்களின் வியர்வையில் எழுந்தது என்று திட்டலாம். பாரிஸுக்குப் போயும் சாப்பாட்டுக் கடை தவிர எதுவும் பிடிக்காத வட அமெரிக்க இராக்குவா பழங்குடித் தலைவரைப் போல உதறலாம். கேட்ட கேள்விக்கு இரண்டும் பதிலில்லை என்கிறார். பொருளின் இருப்பில் எந்த அக்கறையும் கலவாத மகிழ்ச்சியே அழகுணர்வு.

அப்படியானால் நம் கொங்கு நாட்டில் பாடும் அண்ணமார் கதை, அதாவது பொன்னர்-சங்கர் சகோதரர்களின் கதை? சங்கர் மாளும் இரவில், படுகளம் என்கிற சடங்கில், உடுக்கை வேகமெடுக்கிறது. அருள் வந்து ஆட்கள் சாய்கிறார்கள். வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். அவர்களின் தங்கை தங்காளாக நிற்பவர் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார். அது வழிபாடு. கலை ரசனையில் சேர்க்காதீர்கள். உணர்ச்சி கலந்தால்தான் ருசிக்கும் என்கிற ரசனை இன்னும் பண்படாதது என்று 13-ஆம் பிரிவில் காண்ட்டே எழுதியிருக்கிறார்.

சென்னிமலைத் தறி:
பண்படாததா? நன்றாக இருக்கிறது நியாயம்! என் சித்தப்பா வருடா வருடம் படுகளத்தில் அருள் வந்து விழுகிறவர். பாடுகிறவர் ஓர் அடியை விழுங்கினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை, விடியப் போகிறதே என்று தங்காள் புலம்பலை ஓட்டி முடித்தார்கள். இவர் விழவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இழவு வீட்டில் பந்திக்கு முந்துகிற மாதிரி பாடுகிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெறும் பக்தி என்றால் எப்படிப் பாடினாலும் அருள் வந்திருக்க வேண்டுமே?

நொய்யல்கரை:
துண்டை உதறியவர் ரசிகர்தான், மறுக்கவில்லை. சாய்கிறவர் வேறு. விலகி நின்று பார்க்க இடமே இல்லாதபோது, தீர்ப்புச் சொல்ல அங்கே யார் மிஞ்சியிருக்கிறார்?

கூடுதுறை அக்கா:
தம்பி, அதே நூலின் 33-ஆம் பிரிவையும் படித்துவிட்டு வாருங்கள். ஒருவர் தம் கவிதையைப் படித்துக் காட்டுகிறார், எனக்குப் பிடிக்கவில்லை. லெஸ்ஸிங் என்ற விமர்சகர் வகுத்த விதிப்படி இது அழகுதான் என்று அவர் வாதாடினால் காதைப் பொத்திக்கொள்வேன் என்கிறார் காண்ட். விதியைக் காட்டி ரசனையை வரவழைக்க முடியாது. விதியைக் காட்டி விரட்ட மட்டும் முடியுமா? நீங்கள் செய்வது அதைத்தான், அதுவும் காண்ட்டையே கையில் வைத்துக்கொண்டு!

நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உடம்பை ஒதுக்கவே இல்லை. உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்கு 'இளிவே இழவே அசைவே வறுமை' என நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள். இழவு, தங்காள் புலம்பலேதான். இயலின் கடைசி நூற்பா தேடுவது 'கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்' ஆளை. விலகி நில் என்ற நிபந்தனை அங்கே கிடையாது.

நொய்யல்கரை:
திண்ணிதின் உணரச் சுயநினைவு வேண்டாமா, அக்கா? கண்ணும் செவியும் அடைத்துப்போனவர் எதை உணர்வார்?

சென்னிமலைத் தறி:
அடைத்துப்போனதாக யார் சொன்னது? போன நோன்பியில் (திருவிழாவில்) தண்ணீர் தெளித்து எழுப்பியதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, உடுக்கை நடுவில் ஏன் ஓரடி தப்பியது என்பதுதான்.

நொய்யல்கரை:
அதை அவர் வாயால் கேட்டால்தான் நம்புவேன்.