பழைய கீசரில் இரைச்சல், வால்வில் சொட்டு: பழுது பார்க்கலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி (தண்டையார்பேட்டைவாசி):
வணக்கம். எங்கள் வீட்டுக் குளியலறையிலுள்ள 15 லிட்டர் கீசர் மிகப் பழையது. போர் தண்ணீரில் இயங்குகிறது. சில மாதங்களாக, சுவிட்சைப் போட்டதும் உள்ளே சோளம் பொரிவதுபோல் சத்தம் கேட்கிறது, தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது, அடியிலுள்ள சேஃப்டி வால்விலிருந்து நீரும் சொட்டுகிறது. பிளம்பர் வால்வின் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்; கடைக்காரரோ புதிது வாங்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில் 1 (ராயபுரம் பொறியாளர்):
வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பழுதாகித் தண்ணீர் அளவுமீறிக் கொதித்தால், அழுத்தம் வெளியேற இருக்கும் கடைசி வழி அதுதான். அதை மூடினால் தொட்டியே வெடிக்கக்கூடும். சூடாகும்போது நீர் விரிவதால் சில சொட்டுகள் விழுவது இயல்பு. ஆறிய பிறகும் சொட்டினால், பிரஷர் பம்ப் இல்லாத வீட்டில் மொட்டைமாடித் தொட்டியைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் வரும்; வால்வைத் திறக்க அது போதாது. பெரும்பாலும் வால்வுக்குள் உப்புத் துகள் சிக்கியிருக்கும். பழைய வால்வில் பொறித்துள்ள அதே பார் அளவில் புதிது மாட்டுங்கள்.

பதில் 2 (வண்ணாரப்பேட்டை மெக்கானிக்):
சத்தத்துக்குக் காரணம், தண்ணீரைச் சூடாக்கும் காயில்மீது ஓடுபோல் படிந்த சுண்ணாம்பு; அதனடியில் சிக்கும் நீர் ஆவியாகி வெடிக்கிறது. மெயினை அணைத்து, தண்ணீரை முழுவதும் வடித்த பிறகு, அடித்தட்டைக் கழற்றிக் காயிலைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டால் படிவு கரைந்துவிடும். கழிப்பறை ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். அது செம்பையும் சேர்த்து அரிக்கும். அந்தத் தட்டிலேயே நிற்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை; மெக்னீசியம் கரைந்து நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றியாக வேண்டும். கேஸ்கட்டும் புதிதாகவே இருக்கட்டும். தொட்டியே ஓட்டையாகியிருந்தால் வெல்டிங் வேண்டாம்; அந்தச் சூட்டில் உள்பூச்சு உதிர்ந்துவிடும். அப்போது மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

பதில் 3 (பெரம்பூர்வாசி):
மெட்ரோ தண்ணீருக்குத் தனித் தொட்டி இருந்தால் கீசரின் இணைப்பை அதற்கு மாற்றிவிடுங்கள். கடலோரப் போர் தண்ணீரின் உப்பில் எந்தக் காயிலும் நெடுநாள் தாங்குவதில்லை. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் படிவும் குறையும். காயில் உறை விரிசல் கண்டால் மின்சாரம் நீரில் இறங்கும் என்பதால், எர்த் இணைப்பைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிய பிறகே மறுபடி சுவிட்சைப் போடுங்கள்.