தலைக்காயத்துக்குப் பிறகு வரும் ஆத்திரம்: மாத்திரை கொடுத்தபோது என்ன நடந்தது?

மதுரை, மனைவி

பைக்கிலிருந்து விழுந்து என் கணவரின் முன்மூளையில் அடி. ஆறாவது வாரம் வீட்டிற்கு வந்தார். இருபது ஆண்டுகளில் என்னை ஒருமுறைகூட அதட்டாதவர், அத்தை ஊட்டிய இட்லித் தட்டை எட்டி உதைத்துவிட்டு, "யாரடி நீ?" என்று என்னைக் கேட்டார். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மாத்திரையை எழுதித் தந்தார்கள். ஆத்திரம் அடங்கியது, கூடவே ஆளும் அடங்கிப்போனார். வாயோரம் எச்சில், கை கால் விறைப்பு, பிசியோதெரபிக்கு நிற்க வைத்தால் சாய்ந்தார்.

வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். மருந்துச்சீட்டைப் பார்த்தவர், "வலிப்பு வந்ததா?" என்றார். வந்ததேயில்லை. வராமலிருக்க முதல் நாளில் தொடங்கிய லெவெடிரசெட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முன்தடுப்புக்குப் பொதுவாக முதல் 7 நாட்கள் போதுமாம்; அந்த மாத்திரையே சிலருக்கு எரிச்சலையும் மூர்க்கத்தையும் கிளப்புமாம். ஒரு மாத்திரை மூட்டிய தீயை இன்னொன்றால் அணைத்துக்கொண்டிருந்தோம்! இரண்டையும் அந்த மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் என் கணவர் தட்டைப் பார்த்து, "சட்னி எங்கே?" என்றார். அத்தை அழுதுவிட்டார்.

தஞ்சாவூர், தம்பி

என் அண்ணனுக்குக் கொடுத்தது ப்ரோப்ரனலால். ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஏன் கொடுக்கிறார்கள் என்று சண்டையே போட்டேன். தலைக்காயத்துக்குப் பின் வரும் கொந்தளிப்புக்கு ஓரளவு நல்ல சான்று உள்ளது இந்த வகை மருந்துகளுக்குத்தான் என்று பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2006இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பே சொல்கிறது என்றார் மருத்துவர். ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதினோம். ஒரு மாதத்தில் அண்ணன் மற்றவர்களை அடிப்பது நின்றது. ஆனால் அதே மாதத்தில்தான் டிவியை அணைத்தோம், பார்க்க வருகிறவர்களையும் நிறுத்தினோம். எது பலித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற செவிலியர்

இரவுப் பணியில் ஒரு பையன் கட்டிலை உலுக்கிக் கத்திக்கொண்டிருந்தான். அமைதிப்படுத்தும் லோராசெபம் ஊசி தயாராக இருந்தது. அது குழப்பத்தைக் கூட்டக்கூடியது என்பதால் கொஞ்சம் தயங்கி, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. சிறுநீர் வெளியேறப் போட்டிருந்த குழாய் அடைத்திருக்கிறது! பேச வராத பையன் வேறு எப்படித்தான் சொல்வான்? குழாயை மாற்றியதும் முக்கால் லிட்டருக்கு மேல் வெளியேறியது. கட்டிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.